மச்சான் கேட்ட செலரான்

கேம் ஆடுவதற்கென்று கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது பிராசஸரைப் பற்றித்தான். இருக்கிற பணத்தையெல்லாம் அதில் கொட்டிவிட்டு, மிச்சத்தில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் பார்ப்பார்கள். அது தப்பு என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிற ஆள் நூற்றுக்கு ஒருத்தர் இருந்தால் பெரிது.

இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா சார், நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரிகிறது. ஆனால் இங்கே தொடங்கினால்தான் எனக்கு வரிசை தப்பாமல் வரும். உங்களுக்குத் தமிழ் நன்றாகவே புரிகிறது. ரைட்டர் கன்னடத்தில் எழுதிக்கொள்ளட்டும். நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில்தான், கன்னடம் படிக்க வரும். படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுகிறேன்.

பெயர் ஆதிகேசவன். வயது நாற்பத்தாறு. விவேக் நகரில், குழந்தை இயேசு சர்ச்சுக்குப் பின்தெருவில், கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் கடை. மனைவி வனஜா தொண்ணூற்றெட்டில் இறந்துவிட்டாள். பிள்ளைகள் எத்தனை என்று ரைட்டர் கேட்டார். அதற்குக் கடைசியில் பதில் சொல்கிறேன்.

என் அக்கா தமயந்தியும் அவள் புருஷன் சந்திரசேகரனும் தொண்ணூற்றொன்பது வரைக்கும் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். அக்காவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. மச்சான் ஹெச்.ஆர். மேனேஜர், அதாவது யாருக்கு வேலை கொடுக்கலாம், யாரை வாசலோடு திருப்பி அனுப்பலாம் என்று பார்க்கிற உத்தியோகம். இரண்டு பேரும் காலையில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார்கள். அவர்கள் பையன் சஞ்சய் எங்கள் வீட்டில் வளர்ந்தான். சோறு ஊட்டியது வனஜா. ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டது நான். ஏழு வயதில் ஸ்க்ரூ டிரைவரை ஒழுங்காகப் பிடித்தான். பத்து வயதில் ஒரு மதர்போர்டைக் கொடுத்தால் எதை எங்கே செருக வேண்டும் என்று கேட்காமலே செய்வான். பெற்றவர்கள் செய்யாத எதை நான் செய்தேன் என்று பட்டியல் போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மச்சானுக்கு வைட்ஃபீல்டில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயே ஃப்ளாட் வாங்கினார். சாமான் ஏற்றின லாரி வாசலில் நிற்கிறது, சஞ்சய் என் கடையை விட்டு வர மாட்டேன் என்று அழுகிறான். பதினாலு வயதுப் பையன் அழுவது சாதாரணம் இல்லை. அப்போது தெருவே கேட்க மச்சான் சொன்னார்.

“இவன் இங்கயே கெடந்தா இவனும் எஸ்.பி. ரோடு ஆயிடுவான். ஏறுடா வண்டில.”

எஸ்.பி. ரோடு என்பது கம்ப்யூட்டர் சாமான் விற்கிற தெரு. வாரத்துக்கு மூன்று நாள் நான் அங்கே போய் வருவேன். மச்சான் அதையே எனக்குப் பெயராக வைத்திருந்தார். கல்யாண வீட்டில் பந்தி நடுவே, “எஸ்.பி. ரோடு வந்தாச்சா? அப்ப எலை போடலாம்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு லாரி போன பிறகு நான் கடைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆளை அன்றிலிருந்து வெறுக்கிறேன். இதை மறைப்பானேன்?

இரண்டாயிரத்து இரண்டு ஏப்ரலில் சஞ்சய் ஃபர்ஸ்ட் பி.யு.சி.யில், அதாவது பதினோராம் வகுப்பில், தொண்ணூற்றொரு சதவீதம் வாங்கினான். தொண்ணூறு வாங்கினால் கேம் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக அப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். பையன் நேரே என் கடைக்கு வந்தான். காலேஜ் சிட்டிக்குள் இருந்ததால் அவன் அடிக்கடி வந்துபோய்க்கொண்டுதான் இருந்தான். ஒன்றரை மாதம் இரண்டு பேரும் பிராசஸர் பார்த்தோம். கோடு போட்ட நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, இது எத்தனை கிகாஹெர்ட்ஸ், அது எத்தனை, எதற்குச் சூடு அதிகம், எந்தக் கேம் எதில் எப்படி ஓடுகிறது என்று எழுதிக்கொண்டு வருவான்.

“மாமா, இந்த ரேட்டுக்கு இன்னொரு கம்பெனி சிப்புதான் லாபம்.”

“லாபம் பாக்கறதுன்னா கடை வைடா. கேம் ஆடணும்னா பென்டியம் ஃபோர் எடு, ரெண்டு புள்ளி நாலு.”

“அப்பா ஒத்துக்க மாட்டாரு.”

“அவருக்கு ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம் தெரியும்?”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். என் வாழ்நாளில் நல்ல காலம் எது என்று கேட்டால் அந்த ஒன்றரை மாதத்தைத்தான் சொல்வேன்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் தனியாக வந்தார். கடைக்குள் வரவில்லை. காரை நிறுத்தி ஹாரன் அடித்தார். நான்தான் இறங்கிப் போய் ஜன்னல் பக்கம் நின்றேன்.

“ஆதி, ஒரு சின்ன வேலை. தொண்ணூறு எங்க வாங்கப் போறான்னு வாக்கு குடுத்துட்டேன். வாங்கித் தொலைச்சுட்டான்.”

“சந்தோஷம்தான மச்சான்.”

“என்ன சந்தோஷம்? அடுத்த வருஷம் இன்ஜினியரிங் சீட்டுக்கு சி.இ.டி. பரீட்சை இருக்கு. இந்த நேரத்துல கேம் ஓடுற பொட்டிய வீட்ல வச்சா உருப்படுமா? நீ ஒண்ணு பண்ணு. வெளிய பென்டியம்னு ஸ்டிக்கர் ஒட்டு. உள்ள அந்த மட்டமானது ஒண்ணு இருக்கே, அதப் போடு.”

“செலரானா?”

“அதான். கேம் ஓடக் கூடாது. பையன் கேட்டா ஏதாச்சும் கோளாறுன்னு இழுத்தடி. உனக்குத் தெரியாத வேலையா?”

சார், பதினெட்டு வருஷத் தொழிலில் நான் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை. என் கையால் போன பெட்டியில் வெளியே ஒன்று உள்ளே ஒன்று இருந்தது கிடையாது. அந்த ஆள் பெற்ற பிள்ளையை ஏமாற்றத் துணை கேட்டு வந்து, ஏமாற்றுக்காரன் என்ற பட்டத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, காரைவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். உள்ளே என்ன சிப் இருக்கிறது என்று சஞ்சய் மவுஸை ஒரு தட்டுத் தட்டினால் ஸ்கிரீனிலேயே காட்டும். அதுகூட அவருக்குத் தெரியவில்லை. செலரானிலும் பாதி கேம் ஓடும். அதுவும் தெரியவில்லை.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பையனிடம் போட்டுக் கொடுத்திருக்கலாம். நான் சரி மச்சான் என்றேன். செலரான் போட்டால் சீட்டாட்டத்தைத் தவிர எதுவும் ஓடாது, நிம்மதியாக இருங்கள் என்றும் சொன்னேன்.

பெட்டிக்குள் பென்டியம் ஃபோர்தான் போட்டேன், சஞ்சய் ஆசைப்பட்ட ரெண்டு புள்ளி நாலு. கிராஃபிக்ஸ் கார்டும் அப்போது கிடைத்ததில் உயர்ந்தது. வித்தியாசத்தை என் கையிலிருந்து போட்டுக்கொண்டேன். ஸ்டிக்கரில் என்ன இருந்ததோ அதுதான் உள்ளேயும் இருந்தது. தொழிலில் நான் குறை வைக்கவில்லை என்பதை ரைட்டர் குறித்துக்கொள்ள வேண்டும். வைட்ஃபீல்டு கொண்டுபோய் மாட்டிக் கொடுத்த அன்றைக்கு மச்சான் பையன் பார்க்காதபோது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மச்சான் தெரிந்தவர்களிடமெல்லாம் தன் சாமர்த்தியத்தைச் சொல்லி வைத்தார். பையன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் படிக்கிறான் என்று அர்த்தம். அந்தப் பெட்டியில் கேம் ஓடாது, அதற்கு அவரே ஏற்பாடு செய்திருக்கிறார். வேறு எந்த அப்பனாக இருந்தாலும் ஒரு நாளாவது கதவைத் தட்டியிருப்பான். இவருக்குச் சந்தேகம் வராதபடி இவரே செய்துகொண்டார்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. ஆகஸ்டில் ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டு வீட்டில் இருந்தாளாம். காலேஜுக்குப் போன பையன் பத்து மணிக்கே திரும்பி வந்து, அவள் படுத்திருப்பது தெரியாமல் ரூமுக்குள் போயிருக்கிறான். எனக்குப் போன் செய்தாள்.

“ஆதி, அவன் ரூம்லேர்ந்து துப்பாக்கி சுடற சத்தம் வருதுடா. உங்க மச்சான் அதுல கேமே ஓடாதுங்கறாரு. எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

“அது சும்மா டெமோதான்க்கா. படம் மாதிரி ஓடும், ஆட முடியாது. இன்னிக்கு அவனுக்கு காலேஜ் லீவு, என்கிட்ட சொன்னானே.”

அவள் என்னை நம்பினாள். அம்மா போன பிறகு அவளுக்கு நான்தான் எல்லாம். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

காலேஜில் சேர்க்கும்போது உள்ளூர் கார்டியன் என்ற இடத்தில் என் பெயரையும் என் கடை விலாசத்தையும்தான் கொடுத்திருந்தார்கள். வைட்ஃபீல்டு தூரம், அவசரத்துக்கு நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று அக்காதான் எழுதச் சொன்னாள். அதனால் அட்டெண்டன்ஸ் குறைகிறது என்ற முதல் கடிதம் செப்டம்பரில் எனக்கு வந்தது. இரண்டாவது நவம்பரில். மூன்றாவது ஜனவரியில், ரிஜிஸ்டர் தபாலில், நேரில் வந்து பார்க்கவும் என்று. போய்ப் பார்த்தேன். பிரின்ஸிபால் சீனிவாசராகவன் என்பவர் தங்கமான மனிதர். எழுபத்தைந்து சதவீதம் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் வராது, பெற்றோருக்கு இது தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டார். தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பையனைக் காலேஜுக்குப் போகாதே என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. “மாமா, லெட்டர் வீட்டுக்கு வந்துடுமா?” என்று அவன்தான் கேட்டான். “வராது, என்கிட்டதான் வரும்” என்றேன். இது உண்மைதானே.

மார்ச்சில், ஹால் டிக்கெட் கொடுத்த அன்றைக்கு, பத்து மணிக்கு சஞ்சய் கடைக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. மானிட்டர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.

“எனக்குக் குடுக்கல மாமா. அப்பாவுக்கு நான் எப்படிச் சொல்றது? நீங்க வந்து சொல்லுங்க மாமா. நீங்க சொன்னா கேப்பாரு.”

நான் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கிறார்? இருந்தாலும் அந்தப் பையன் அப்படி நம்பினான். நீ உள்ளே இரு, பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தெருமுனைக் காயின் பூத்துக்குப் போய் மச்சானின் ஆபீசுக்குப் போன் போட்டேன். கடையிலேயே போன் இருந்தது. பையன் காதில் விழ வேண்டாம் என்று வெளியே போனேன்.

சார், அந்தப் போனுக்காக நான் பத்து மாதம் காத்திருந்தேன். அவர் கத்துவார், என்னைத் திட்டுவார், பையனைக் கொன்றுபோடுவேன் என்பார், உள்ளே இருப்பது செலரான் இல்லை மச்சான் என்று அப்போது சொல்லலாம் என்று ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து வைத்திருந்தேன். ஹால் டிக்கெட் வரவில்லை என்றதும் அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

“பையன் எங்க ஆதி? உன்கூட இருக்கானா?”

“இருக்கான்.”

“எங்கயும் போக விடாதப்பா. கெட்டியாப் புடிச்சுக்க. ஒரு வருஷம் போனாப் போவட்டும், அடுத்த வருஷம் எழுதிக்கலாம். அப்பா அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லு. இதோ கெளம்பிட்டேன்.”

அழுதுகொண்டே சொன்னார். ‘விடாதப்பா’ என்று என்னிடம் அப்பா போட்டுப் பேசியதும் அன்றைக்குத்தான். நான் ஏமாந்துபோனேன், சார். அந்த ஆள் கத்தியிருந்தால் இதெல்லாம் அங்கேயே முடிந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். பையனை அவரே கூட்டிக்கொண்டு போயிருப்பார், மறுபடியும் ஒரு லாரி மாதிரி ஒரு கார் வாசலில் நின்றிருக்கும், நான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

கடைக்குத் திரும்பி வந்தேன். அப்பா உன்னை வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றேன். எனக்கு மகனே இல்லை, தலை முழுகிவிட்டேன் என்று சொன்னார் என்றேன். அம்மா என்று அவன் ஏதோ ஆரம்பித்தான். அம்மாவிடமும் போனில் சொன்னேன், அவளும் எதுவும் பேசவில்லை என்றேன். அவனை ஸ்கூட்டரில் ஏற்றி ஓசூர் ரோட்டில் கொண்டுபோய் அத்திப்பள்ளி பஸ்ஸில் உட்கார வைத்தேன். அந்த வழியில் இருக்கிற சந்தாபுராவில் எனக்கு ஒரு கோடவுன் இருந்தது. சாவியைக் கொடுத்தேன், அங்கே போய் இரு, சாயங்காலம் வருகிறேன் என்றேன்.

மச்சான் வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. “இப்பதான் மச்சான், டீ வாங்கப் போனேன், வந்து பாத்தா ஆளக் காணோம்” என்றேன். அவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். இஸ்திரி போட்ட பேன்ட்டோடு, சாக்கடை ஓரத்தில். அவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது நான்தான். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் தேடினோம், கன்டோன்மென்ட் ரயில்வே ஸ்டேஷனில் தேடினோம். போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு போர்ட்டர்களிடமெல்லாம் நானும் கேட்டேன். இந்த ஸ்டேஷனில் அன்றைக்குக் கொடுத்த காணவில்லை புகாரில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. பழைய ஃபைலை எடுத்துப் பாருங்கள்.

நான்கு வருஷம் அவன் சந்தாபுராவில் இருந்தான். கோடவுனை முன்னால் பிரித்துக் கடை ஆக்கிக் கொடுத்தேன், பின்னால் ரூம். அவனை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருந்தேன். வாரத்தில் நான்கு நாள் அங்கே போய் அவனோடு சாப்பிடுவேன். சுற்றியிருக்கிற ஃபேக்டரி ஆபீசுக்கெல்லாம் அவன்தான் மெஷின் போட்டுக் கொடுத்தான். என்னைவிடக் கை சுத்தம். கேம் ஆடுவதை அவனாகவே விட்டுவிட்டான். ஆரம்பத்தில் அம்மாவுக்கு என்று கடிதம் எழுதித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுப்பான். பதினொன்று கொடுத்தான். எல்லாம் என் பீரோவில் இருக்கிறது, பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பதிலே வராததால் பிறகு அவனே நிறுத்திவிட்டான். போன் செய்யவா என்று ஒரு தடவை கேட்டான். உன் குரலைக் கேட்டு அம்மா பேசிவிட்டால் உன் அப்பா அவளையும் துரத்திவிடுவார் என்றேன். அவன் செய்யவில்லை.

அக்கா வியாழக்கிழமைதோறும் குழந்தை இயேசு சர்ச்சுக்கு வருவாள். நாங்கள் அந்த மதம் இல்லை. அங்கே வேண்டிக்கொண்டால் பிள்ளை திரும்பி வருவான் என்று அவளோடு வேலை செய்கிற அல்போன்சா சொன்னதிலிருந்து வர ஆரம்பித்தாள். கூட்டத்தில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்து, மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்து, காற்றில் அணையாமல் கை மறைத்து நிற்பேன். “அவன் உயிரோட இருப்பானாடா?” என்று கேட்பாள். “இருப்பான்க்கா, எங்கயோ நல்லாத்தான் இருப்பான்” என்பேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மச்சான் வேலையை விட்டுவிட்டார், ஒரு கால் இழுத்துக்கொண்டது, பையன் ஓடிப்போன துக்கம் என்றார்கள். எஸ்.பி. ரோடு என்று அவர் என்னை அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. ஆதி, ஆதி என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு ஆபீசிலிருந்து பழைய மானிட்டர் மூன்று சந்தாபுரா கடைக்கு வந்தது. பழைய பேப்பரில் சுற்றியிருந்தார்கள். அதில் இரண்டாயிரத்து மூன்றில் மச்சான் கொடுத்த விளம்பரம் இருந்திருக்கிறது, சஞ்சய் போட்டோவோடு. “கண்ணா, நீ பரீட்சை எழுத வேண்டாம், வீட்டுக்கு வந்தால் போதும். அப்பா.” அந்த விளம்பரம் வந்த பேப்பரையெல்லாம் அவன் கண்ணில் படாமல் நான் பார்த்துக்கொண்டவன். பொட்டலம் சுற்றி வரும் என்று யோசிக்கவில்லை. நான் போனபோது அவன் ஒரு மெஷினுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தான். நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினான். பேப்பரை என் முன்னால் வைத்தான்.

“நீங்க சொன்னது?”

செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். பெட்டி, துணி, எதையும் எடுக்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. பதினேழு வயதுப் பையனைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்தது நான், கடிதங்களை மறைத்தது நான், இரண்டு பக்கமும் பொய் சொன்னது நான். மச்சானும் அக்காவும் கொடுத்திருக்கிற புகாரில் இருப்பது எல்லாம் சரி. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இனிமேல் என் புகாரை எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நாளாக என் பையனை வைட்ஃபீல்டில் ஒரு வீட்டில் வைத்திருக்கிறார்கள். போன் செய்தால் அவனிடம் கொடுப்பதில்லை. வாசலுக்குப் போனேன், கதவைத் திறக்கவில்லை. அவனாகவேதான் பார்க்க மாட்டேன் என்கிறான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். யாரோ அவன் மனதைக் கெடுத்திருக்கிறார்கள், சார். ஒரு பிள்ளையிடம் இல்லாததையும் பொல்லாததையும் சொல்லி, வளர்த்தவனைப் பார்க்கவிடாமல் பிடித்து வைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெயர் சஞ்சய், வயது இருபத்தொன்று, மாநிறம், இடது கட்டைவிரலில் சால்டரிங் சுட்ட தழும்பு. புகார் கொடுப்பவருக்கும் அவனுக்கும் என்ன உறவு என்ற இடத்தை ரைட்டர் காலியாக விட்டிருக்கிறார். தந்தை என்று எழுதச் சொல்லுங்கள்.